பழைய வீட்டை இடிச்சுட்டு கான்கிரீட் கட்டி ஏசி மாட்டுறதா, கூரையைச் சரி பண்றதா? காரைக்குடி பக்கம் வெக்கை தாங்கல

வளவுக்கட்டு:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு கானாடுகாத்தான் பக்கம். பாட்டையா காலத்துல கட்டுன வீடு, முகப்புல ஆரம்பிச்சு, நடுவுல தொறந்த முத்தத்தோட வளவு, அதுக்குப் பின்னாடி ரெண்டாங்கட்டு, அடுப்படின்னு நீண்டு போய் கொல்லைக் கதவு அடுத்த தெருவுல தொறக்கும். பங்காளிக எல்லாரும் சென்னை, கோயமுத்தூர், சிங்கப்பூருன்னு போயிட்டாக, இப்ப அங்க இருக்கிறது எங்க அப்பத்தா, அப்பா, அம்மா, நான், அவ்வளவுதான். நாங்க பொழங்குறது ரெண்டாங்கட்டும், பின்னாடி தொண்ணூறுகள்ல கட்டுன ஒரு கான்கிரீட் ரூமும், அதுக்கு மேல மாடியில ஒரு ரூமும்.

இப்ப பங்காளிகள்ல பாதிப் பேரு ரெண்டாங்கட்டை இடிச்சுட்டு நாலு ரூம் கான்கிரீட்ல கட்டி எல்லாத்துலயும் ஏசி மாட்டிடலாம், திருவிழாவுக்கு வந்தா பிள்ளைக தூங்க முடியலன்னு சொல்றாக. அப்பத்தா ஒத்துக்கவே மாட்டேங்குறாக. எனக்கு ரெண்டு பேரு சொல்றதுலயும் நியாயம் தெரியுது. பகல்ல வளவுல உக்காந்தா வெளிய அடிக்கிற வெயில் தெரியாது, அது உண்மைதான், ஆனா ராத்திரியில முன்ன மாதிரி குளுமை எறங்கறதில்ல, சித்திரையில விடிகாலை வரைக்கும் சுவத்தத் தொட்டா வெதுவெதுன்னு இருக்கு. மாடி ரூம் பத்திச் சொல்லவே வேணாம், பாதிச் சாமத்துலயும் அனல்.

இதுக்கு நடுவுல நான் கொஞ்சம் படிச்சுக்கிட்டு இருக்கேன். தொழிற்புரட்சிக்கு முந்தின அளவை விட 1.5 டிகிரிக்கு மேல போன முதல் முழு வருசம் 2024ன்னு உலக வானிலை அமைப்பு சொல்லியிருக்கு. 2025 ஜூன்ல மத்திய மின்துறை அமைச்சர் புது ஏசி எல்லாத்தையும் 20ல இருந்து 28 டிகிரிக்குள்ளதான் ஓடுற மாதிரி கட்டுப்படுத்தப் போறதா அறிவிச்சாரு, அன்னைக்கு எங்க வீட்டு வாட்ஸப் குரூப்ல பெரிய சண்டையே ஆச்சு. அமெரிக்காக்காரன் 18ல வெச்சுட்டுத் தூங்குவான் நம்மள மட்டும் ஏன் கேக்குறாங்கன்னு ஒருத்தர், ஏசியே பூமியைச் சூடாக்குதுன்னு இன்னொருத்தர். ஆராய்ச்சி நெசமா என்ன சொல்லுது, அரசாங்கத் திட்டத்துல எது நம்ம மாதிரி வீட்டுக்கு ஒதவும், அடுத்த சித்திரைக்குள்ள நாங்க என்னதான் செய்யலாம்? கட்டட வேலை தெரிஞ்சவுக, கரண்டு பத்தித் தெரிஞ்சவுக கொஞ்சம் விவரமா சொல்லுங்க.


கொத்தனார் மகன்:

ஆச்சி, மொதல்ல இடிக்க விடாதீங்க. அப்பத்தா சொல்றது பாசத்துல மட்டும் சொல்றது கிடையாது, அதுல கணக்கும் இருக்கு. எங்க அப்பா இந்தப் பக்கம் வளவு வீடுகள்ல சுண்ணாம்பு வேலை பாத்தவரு, நான் டிப்ளமோ படிச்சுட்டு இப்ப சைட் பாக்குறேன், அதனால ரெண்டு விதக் கட்டடமும் கையில பட்டிருக்கு.

நம்ம காரைக்குடி பூமத்திய ரேகைக்கு வடக்க சுமார் 10 டிகிரியில இருக்கு. அதனால சித்திரை பொறந்த கையோட சூரியன் நேரா உச்சிக்கு வந்துரும், அப்புறம் வடக்க போயிட்டு ஆவணியில திரும்ப ஒருவாட்டி உச்சிக்கு வரும். அப்ப வீட்டுல வெயிலை வாங்குறது சுவரை விடக் கூரைதான். பழைய ஆளுக இதைக் கணக்குப் போட்டுத்தான் கட்டுனாக. நாட்டு ஓடு ரெண்டு மூணு வரிசை அடுக்கி, அதுக்கு இடையில காத்து நிக்கிற மாதிரி, கீழ மரம். சுவர் ஒண்ணரை அடி ரெண்டு அடி கனம், அதனால பகல் சூடு உள்ள வந்து சேர ராத்திரி ஆயிரும். முத்தத்துல சூடான காத்து மேல போகும், முகப்புக் கதவையும் கொல்லைக் கதவையும் ஒரே நேர்கோட்டுல வெச்சதால அந்த எடத்துக்குப் புதுக் காத்து இழுத்துக்கிட்டு வரும்.

ஆனா நீங்க கவனிச்சது ரொம்பச் சரியான விசயம். கனமான சுவருக்கு ஒரு நிபந்தனை இருக்கு, ராத்திரி குளுமையா இருக்கணும், அப்பத்தான் பகல்ல வாங்குன சூட்டை வெளிய விட்டுட்டு அடுத்த நாளுக்குத் தயாராகும். இப்ப ராத்திரி சூடு கூடிக்கிட்டே வருதுன்னு நாடு முழுக்க ஆய்வு பண்றவுக எழுதுறாக. சிஇஇடபிள்யூன்னு டெல்லியில ஒரு ஆய்வு நிறுவனம் 2025ல வெளியிட்ட அறிக்கையில இந்தியாவோட மாவட்டங்கள்ல பாதிக்கு மேல, 57 சதவீதம், அதிக வெப்ப ஆபத்துல இருக்குன்னு போட்டிருந்தாங்க, அதுலயே ராத்திரி வெப்பம் கூடுறதைத் தனியா சொல்லியிருந்தாங்க. அதனால பழைய வீடு இருக்கிறபடியே போதும்னு நான் சொல்ல மாட்டேன். இப்ப பாதி வளவு வீடுகள்ல கொசுவுக்குப் பயந்து, திருட்டுக்குப் பயந்து, ஆள் இல்லாததால எல்லாக் கதவையும் அடைச்சே வெச்சிருக்காக, முத்தத்துக்கு மேல ஃபைபர் ஷீட் வேற போட்டு மூடிடுறாக. அது வீட்டோட மூக்கைப் பொத்துற மாதிரி. மொதல்ல அதைத் தொறந்து விடணும், கொசுவலைக் கதவு போட்டு ராத்திரி எட்டு மணிக்கு மேல விடியிற வரைக்கும் காத்து ஓட விட்டு, காலையில வெயில் ஏறுறதுக்குள்ள அடைக்கணும். மேல மச்சுல ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வெச்சா ராத்திரிக் காத்தை இழுத்து விட அதுவே போதும்.

பிரச்சனையே உங்க கான்கிரீட் ரூம்தான். நாலஞ்சு இஞ்சு தளம், மேல ஒண்ணும் கிடையாது. மூணு நாலு மணி நேரத்துல சூடு உள்ள வந்துரும், சாயங்காலத்துல இருந்து நடுச்சாமம் வரைக்கும் தளம் அடுப்பு மாதிரி கக்கிக்கிட்டே இருக்கும். அந்த மாதிரி இன்னும் நாலு ரூம் கட்டி அதுக்கு நாலு ஏசி மாட்டுறதுன்னா சூட்டைக் காசு குடுத்து வாங்கி வெச்சுட்டு அதை வெளிய தள்ள மாசாமாசம் காசு கட்டுறதுதான்.

இன்னொண்ணு. உலகத்துல வெளியாகிற கார்பன் டை ஆக்சைடுல ஏழெட்டு சதவீதம் சிமெண்ட்டுல இருந்து வருது. சுண்ணாம்புக்கல்லை 1,450 டிகிரிக்குச் சுடுறாங்க, எரிக்கிற நிலக்கரியில இருந்து கொஞ்சம், கல்லுக்குள்ள இருந்தே அதை விடக் கூடுதலா. நம்ம சுண்ணாம்பும் சுடுறதுதான், அதுலயும் வெளியாகும், ஆனா 900 டிகிரிக்கிட்ட சுட்டா போதும், பூசுனதுக்கு அப்புறம் காத்துல இருந்து கார்பன் டை ஆக்சைடைத் திரும்ப இழுத்துத்தான் அது இறுகும். ஏற்கெனவே நிக்கிற ஒரு வீட்டை இடிச்சுட்டுப் புதுசா சிமெண்ட், கம்பின்னு கொட்டுனா அந்தப் பாரத்தை ஏசி மாட்டுறதுக்கு முன்னாடியே ஏத்திட்டோம்னு அர்த்தம். கட்டியே ஆகணும்னா எல்சி3ன்னு ஒரு சிமெண்ட் வந்திருக்கு, சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்தது, சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு எடுக்கிற கிளிங்கர் பாதியாக் குறையும், கார்பனும் 40 சதவீதம் வரைக்கும் குறையும். சுவிட்சர்லாந்து, கியூபாக்காரங்களோட சேர்ந்து நம்ம ஐஐடி மெட்ராஸ், ஐஐடி டெல்லியும் பண்ண ஆராய்ச்சி. 2023ல இந்தியத் தரமே வந்துருச்சு, ஆனா நம்ம ஊரு சிமெண்ட் கடையில கேட்டா இன்னும் யாருக்கும் தெரியல.


மின்வேதி ஓய்வு:

தாயி, கரண்டு பக்கத்தை நான் சொல்றேன். மேல தம்பி எழுதுனதுல கட்டட விசயம் எல்லாம் சரியா இருக்கு.

ஏசி பூமியைச் சூடாக்குதான்னு கேட்டா ஆமாங்கிறதுதான் பதில், மூணு வழியில. ஒண்ணு கரண்டு. நம்ம நாட்டு மின்சாரத்துல முக்கால் பங்குக்குக் கிட்ட இன்னமும் நிலக்கரிதான், ஒரு யூனிட்டுக்குச் சராசரியா 0.7 கிலோவுக்கு மேல கார்பன் டை ஆக்சைடு. ரெண்டாவது கேஸ், இதைத்தான் யாரும் பேச மாட்டேங்குறாங்க. பழைய ஏசியில இருக்கிற ஆர்-22 ஒரு கிலோ காத்துல கலந்தா, நூறு வருசக் கணக்குல, 1,810 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஆர்-410ஏன்னா 2,088. இப்ப விக்கிற ஆர்-32ன்னா 675. ஒரு ஒண்ணரை டன் ஏசியில ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். அப்ப பழைய ஆர்-22 ஏசி ஒண்ணு முழுசா ஒழுகிருச்சுன்னா கிட்டத்தட்ட 2,500 யூனிட் கரண்டு எரிச்ச கேடு அந்த ஒரே ஒழுகல்ல வந்துரும். நம்ம பக்கம் மெக்கானிக் வந்தா ஓட்டை எங்கன்னு பாக்காம கேஸ் மட்டும் ஏத்திட்டுப் போறதும், கழட்டும்போது நட்டைத் திருகி மிச்ச கேஸை அப்படியே வெளிய விடுறதும் சர்வ சாதாரணம். செகண்ட் ஹேண்ட் ஏசி வாங்கி மாட்டலாம்னு பங்காளி யாராவது சொன்னா தயவுசெய்து ஒத்துக்காதீங்க.

மூணாவது, ஏசி வெளிய தள்ளுற சூடு. அமெரிக்காவுல ஃபீனிக்ஸ் நகரத்தை வெச்சு 2014ல வந்த ஆய்வுல, ஊரு முழுக்க ஏசி ஓடுறதால ராத்திரியில வெளி வெப்பம் சில எடத்துல 1 டிகிரிக்கு மேல கூடுதுன்னு கணக்குப் போட்டாங்க. கானாடுகாத்தானுக்கு அது பொருந்தாது, காரைக்குடி டவுனுக்குள்ள நெருக்கமான தெருவுல கொஞ்சம் பொருந்தும்.

கொள்கைக்கு வருவோம். ஓசோன் ஓட்டைக்காக 1987ல மாண்ட்ரியல்ல போட்ட ஒப்பந்தத்தோட தொடர்ச்சியா 2016ல ருவாண்டாவுல கிகாலிங்கிற ஊர்ல ஒரு திருத்தம் கொண்டு வந்தாங்க, இந்த ஏசி வாயுக்களைப் படிப்படியாக் குறைக்கிறதுக்கு. இந்தியா 2021ல ஏத்துக்கிட்டது. நமக்குக் குறைப்பு 2032ல தொடங்கி 2047ல 85 சதவீதம் வரைக்கும் போகணும். எல்லா நாடும் ஒழுங்கா செஞ்சா இந்த நூற்றாண்டு முடிவுல அரை டிகிரி வரைக்கும் சூடு தவிர்க்கலாம்னு விஞ்ஞானிகள் சொல்றாங்க, ஒரே ஒரு ஒப்பந்தத்துக்கு அது ரொம்பப் பெரிய பலன். அதுக்கு முன்னாடியே 2019ல நம்ம அரசாங்கம் இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம்னு ஒண்ணு போட்டாங்க, இப்படி ஒரு திட்டத்தை முழுசாப் போட்ட மொதல் நாடுகள்ல நாமளும் ஒண்ணு. 2037-38க்குள்ள குளிரூட்டுற தேவையையே 20ல இருந்து 25 சதவீதம் குறைக்கணும்னு அதுல இருக்கு. தேவையையே குறைக்கிறதுன்னா என்ன, நெழலு, கூரை, காத்தோட்டம். ஆனா பேப்பர்லயும் டிவியிலயும் பேச்சு வர்றதெல்லாம் ரிமோட்டுல எத்தன டிகிரிங்கிறதோட நின்னுருது.

20 டிகிரி விசயம் அவ்வளவு சண்டை போட வேண்டியதே இல்லம்மா. 2020ல இருந்தே புது ஏசி ஆன் பண்ணா 24லதான் தொடங்கணும்னு விதி இருக்கு. ஒரு டிகிரி கூட்டி வெச்சா சுமார் 6 சதவீதம் கரண்டு மிச்சம்னு எரிசக்தி சிக்கனத் துறை சொல்லுது. 26ல வெச்சு மேல ஒரு ஃபேனைச் சுத்த விட்டா ஒடம்புக்கு 24 மாதிரிதான் இருக்கும். பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டுக்குக் கிட்டதான் இழுக்கும், பழைய ஃபேன் 75 இழுக்கும்.

சோலார் பத்தி. பிரதமர் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில வந்தது. 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதுக்கு மேலயும் போனா 78,000 ரூபா மானியம். நாட்டு ஓட்டு மேல பேனல் வைக்காதீங்க, ஓடும் ஒடையும் சட்டமும் வளையும். உங்க கான்கிரீட் தளத்துக்கு மேல கொஞ்சம் ஒசரமாத் தூக்கி வெச்சா பேனலே தளத்துக்கு நெழலாயிரும், காத்து இடையில ஓடும், மாடி ரூம் சூடும் நல்லாவே குறையும். இதை நான் நேர்லயே பாத்திருக்கேன். ஆனா ஒரு சிக்கல், வெயில் கரண்டு குடுக்குறது பகல்ல, ஏசி ஓடுறது ராத்திரி. நாடு முழுக்க இதே கதைதான். 2024 மே 30ந் தேதி இந்தியாவோட மின் தேவை 250 ஜிகாவாட்டைத் தொட்டுச்சு. அந்த உச்சம் பகல்ல, சோலார் தாங்கிக்கிச்சு. இப்ப மின்துறை கவலைப்படுறது சூரியன் எறங்குனதுக்கு அப்புறம் வர்ற தேவைக்குத்தான். பக்கத்துல கமுதியில 648 மெகாவாட் சோலார் 2016ல இருந்து ஓடுது, அதுவும் ஆறரை மணிக்குப் படுத்துரும். அதனாலதான் பேட்டரி ஆராய்ச்சிக்கு இவ்வளவு முக்கியத்துவம், நம்ம காரைக்குடியிலேயே அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் குடுத்து, 1948ல நேரு அடிக்கல் நட்ட மின்வேதியியல் ஆய்வகம், செக்ரி, இதுல பல வருசமா வேலை பாத்துக்கிட்டு இருக்கு. ஊர்ல பாதிப் பேருக்கு அது காலேஜ் ரோட்டுல இருக்கிற ஒரு பெரிய காம்பவுண்டு, அவ்வளவுதான் தெரியும். லித்தியத்துக்குப் பதிலா சோடியத்துல பேட்டரி பண்றது நிலைக்கு வந்துருச்சுன்னா வெலை குறைஞ்ச சேமிப்பு கைக்கு வரும், சோடியம் நம்ம உப்பளத்துலயே இருக்கு.


வளவுக்கட்டு:

ஐயா, அண்ணே, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. முத்தத்துக்கு மேல ஃபைபர் ஷீட் எங்க வீட்டுலயும் இருக்கு, மழையில முத்தத்தை ஒட்டி இருக்கிற பட்டாலை நனையுதுன்னு போட்டது, அதை எடுக்கச் சொன்னா அம்மா என்ன சொல்வாகன்னு தெரியல. ஒண்ணு கேக்கணும், அப்பத்தாவுக்கு வயசு எண்பதுக்கு மேல. எவ்வளவு சூடு வரைக்கும் ஃபேன் போதும், எப்ப ஏசி கட்டாயம்? போன கோடையில ஒரு நாள் மயக்கம் வந்து டிரிப்ஸ் போட வேண்டியதாயிருச்சு, எனக்கு அந்தப் பயந்தான் பெரிசா இருக்கு.


பட்டறைத் தெரு:

அக்கா, நீங்க கடைசியா கேட்டதுக்கு மொதல்ல சொல்லிர்றேன், அப்புறம் எனக்கு வேற ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு.

அப்பத்தாவுக்கு ஒரு ரூம்ல ஏசி மாட்டுங்க. இதுல யோசிக்கவே வேணாம். சூட்டோட புழுக்கமும் சேர்ந்தா வேர்வை காயாது, வேர்வை காயலன்னா ஒடம்பு குளுராது. ஈரத்துணி சுத்துன தெர்மாமீட்டர் காட்டுற வெப்பநிலை 35 டிகிரியைத் தொட்டா மனுசன் தாங்க முடியாதுன்னு 2010ல ஒரு ஆய்வு சொல்லுச்சு. அப்புறம் 2022ல அமெரிக்காவுல பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துல ஆளுங்களையே ரூம்ல வெச்சுச் சோதிச்சப்ப, நல்ல தெம்பா இருக்கிற வாலிபப் பசங்களுக்கே புழுக்கமான சூட்டுல 31 டிகிரிக்கிட்ட ஒடம்பு கட்டுப்பாட்டை இழக்க ஆரம்பிச்சிருச்சு. வயசானவுகளுக்கு அதை விடக் கம்மியிலயே ஆபத்து. நம்ம ஊரு காய்ஞ்ச ஊருதான், ஆனா தொண்டிப் பக்கம் கடல் ரொம்ப தூரம் இல்ல, சாயங்காலம் காத்து மாறுனா புழுக்கம் ஏறிரும். வெளி வெப்பம் 40ஐத் தாண்டுன நாள்ல ஃபேன் வெறும் அனலைத்தான் வீசும், பெரியவுகளுக்கு அது போதாது. மயக்கம் ஒருவாட்டி வந்திருக்குன்னா டாக்டர்கிட்ட அவுக சாப்பிடுற மாத்திரை என்னன்னு காட்டிக் கேளுங்க, பிபி மாத்திரை, நீர் பிரியிற மாத்திரையெல்லாம் வெயில்ல ஒடம்பைச் சீக்கிரம் வத்த வெச்சிரும்.

இப்ப நான் சொல்ல வந்தது. எங்க வீட்டுல அப்பா ஆத்தங்குடி கல்லுப் பட்டறையில வேலை. கண்ணாடி மேல கலரை ஊத்தி, மேல சிமெண்டும் மணலும் போட்டு அமுக்கி, தண்ணித் தொட்டியில ஊற வெச்சு எடுக்கிற வேலை, சூளையே கிடையாது, உங்க வளவுல காலு வெச்சா சில்லுன்னு இருக்குல்ல அந்தக் கல்லு. ஆனா அதைப் பண்றவுகள்ல எத்தன பேரு வீட்டுல அந்த மாதிரி தளமும் ஒசரமான கூரையும் இருக்கு? எங்களுக்கு மேல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு, பட்டறைக்கும் ஷீட்டு. பகல் முழுக்க ஷீட்டுக்குக் கீழ குனிஞ்சு வேலை பாத்துட்டு ராத்திரியும் ஷீட்டுக்குக் கீழதான் படுக்கணும். செட்டிநாட்டுப் பாரம்பரியக் கட்டடத்துல இருந்து பருவநிலைக்குப் பாடம் கத்துக்கணும்னு வெளியூர்ல இருந்து வந்து பேசுறவுக எல்லாரும் வளவு வீட்டை மட்டும் போட்டோ எடுத்துட்டுப் போறாக. யுனெஸ்கோ தற்காலிகப் பட்டியல்ல 2014லயே செட்டிநாட்டுக் கிராமங்களைச் சேத்தாச்சு, சந்தோசந்தான், ஆனா அந்தக் கிராமங்கள்ல பெரும்பாலான ஜனம் அந்த வீடுகளுக்கு வெளியதான் குடியிருக்கு.

எனக்குப் பெரிய கோவம் எதுலன்னா, தமிழ்நாட்டுல இப்ப கலைஞரின் கனவு இல்லம் திட்டம் நடக்குது, 2030க்குள்ள 8 லட்சம் வீடு, வீட்டுக்கு 360 சதுர அடி, அரசு குடுக்குறது மூணரை லட்சம் ரூபா. எங்க சித்தப்பாவுக்கு வந்திருக்கு. குடிசையில மழைக்கும் தீக்கும் பயந்து கெடந்தவுகளுக்கு அது எவ்வளவு பெரிய விசயம்னு எனக்குத் தெரியும், அந்தத் திட்டம் வேணும், இன்னும் வேணும். ஆனா அந்த 360ல 300 சதுர அடிக்கு மொட்டைக் கான்கிரீட் தளம், அதுக்கு மேல வெள்ளைச் சுண்ணாம்பு கூட கட்டாயம் கிடையாது. 8 லட்சம் தளம்! இன்னும் முப்பது நாப்பது வருசத்துக்கு அந்தத் தளத்துக்குக் கீழதான் எங்க ஆளுக தூங்கணும். பட்ஜெட்டுல ஒவ்வொரு வீட்டுக்கும் சில ஆயிரம் ரூபா கூடப் போட்டு தளத்து மேல பதிக்கிற தட்டோடோ, வெயிலைத் திருப்பி அடிக்கிற வெள்ளைப் பூச்சோ கட்டாயமாக்குனா அதுதான் இந்த மாநிலத்துலயே பெரிய பருவநிலை வேலையா இருக்கும். தெலங்கானாவுல 2023லயே குளிர்கூரைக் கொள்கைன்னு அஞ்சு வருசத்துக்குப் போட்டு அரசு வீட்டுத் திட்டங்களுக்கும் கட்டாயம்னு எழுதியிருக்காக. அகமதாபாத்ல 2010 மே மாசத்துல வெப்ப அலையில வழக்கத்தை விட 1,344 பேரு கூடுதலா செத்ததுக்கு அப்புறம் 2013ல வெப்ப செயல்திட்டம் கொண்டு வந்தாக, 2025ல அங்க வன்சாரா வாஸ்ங்கிற எளிய ஜனங்க இருக்கிற பகுதியில சில நூறு வீட்டை எடுத்து, பாதிக்கு வெள்ளைப் பூச்சு அடிச்சு, பாதியை அப்படியே விட்டு, உள்ள இருக்கிறவுக தூக்கம், ரத்த அழுத்தம் எல்லாம் அளந்து பாத்தாக. இந்த மாதிரி ஆராய்ச்சிதான் வேணும். தமிழ்நாட்டுல 2024 அக்டோபர்ல வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னு அறிவிச்சு செத்தவுக குடும்பத்துக்கு 4 லட்சம்னு சொன்னது நல்லதுதான், ஆனா சாவுறதுக்கு முன்னாடி கூரைக்கு எவ்வளவுன்னு நான் கேக்குறேன்.


கடல்கடந்த பங்காளி:

தங்கச்சி, இடிக்கணும்னு சொல்ற பங்காளிக பக்கத்தையும் கொஞ்சம் யோசிச்சுப் பாரும்மா. நான் அந்த மாதிரி ஒரு பங்காளிதான், வேற ஊரு, வேற வீடு. எங்க வீட்டுல பதினாலு புள்ளி, அதாவது பதினாலு பங்குக் குடும்பம். ஓடு மாத்த, சட்டம் மாத்த, மரத்துக்கு எண்ணெய் அடிக்கன்னு போடுற காசை நாலு பேரு மட்டும் போடுறோம், மிச்சப் பேரு போனே எடுக்கிறதில்ல. ஒரு மழைக்காலம் ஓடு ஒழுகுனதை விட்டா சட்டம் மக்கிரும், சட்டம் மக்குனா சுவரு ஊறிரும், அப்புறம் கதவும் தூணும் காரைக்குடி பழைய சாமான் கடைக்குப் போறதுதான் மிச்சம். சுவரைப் பத்தியும் கார்பனைப் பத்தியும் எழுதுறவுக இந்தக் கூட்டுச் சொத்துச் சிக்கலைத் தொடுறதே இல்ல. பழைய வீட்டைக் காப்பாத்துறது பருவநிலைக்கு நல்லதுன்னு ஆராய்ச்சி சொன்னா, அதுக்கு வங்கிக் கடனோ மானியமோ எங்க? சோலாருக்கு 78,000 குடுக்குற அரசாங்கம் ஓடு மாத்த ஒரு ரூபா குடுக்குமா? புதுசாக் கட்ட லோன் கேட்டா ஒடனே கெடைக்குது, பழசைப் பழுது பாக்கக் கேட்டா பத்திரத்துல எத்தன கையெழுத்துன்னு திருப்பி அனுப்பிடுறாக. சிங்கப்பூர்ல நான் ஏசியிலதான் இருக்கேன், அதை மறைக்கல, ஆனா ஊர்ல அந்த வீடு நிக்கணும்னு எனக்கும் ஆசைதான்.


மின்வேதி ஓய்வு:

பட்டறைத் தெரு தம்பி எழுதுனதை ரெண்டு தரம் படிச்சேன். அந்த 8 லட்சம் தளம் விசயத்தை அப்படியே ஒரு மனுவா எழுதி மாவட்ட ஆட்சியருக்கும் தொகுதி எம்எல்ஏவுக்கும் அனுப்புங்க, எழுத நான் கூட இருக்கேன். மத்திய அரசுலயும் வீடுகளுக்குன்னு 2018லயே ஈகோ நிவாஸ் சம்ஹிதான்னு ஒரு விதித் தொகுப்பு இருக்கு, சுவரும் கூரையும் எவ்வளவு சூட்டை உள்ள விடலாம்னு எண்ணோட சொல்லுது, ஆனா அது பெரிய அபார்ட்மெண்டுகளைத்தான் நெனச்சு எழுதினது, 360 சதுர அடி வீட்டுக்கு எறங்கி வர்றதில்ல.

பங்காளி கேட்ட பணம் விசயந்தான் உலகப் பருவநிலை மாநாட்டுலயும் முட்டுச்சந்துல நிக்குது. 2024ல அஜர்பைஜான் பாகுவுல நடந்த மாநாட்டுல பணக்கார நாடுகள் 2035க்குள்ள வருசத்துக்கு 300 பில்லியன் டாலர் திரட்டித் தர்றோம்னாங்க, இது ரொம்பக் குறைச்சல்னு இந்தியா அங்கயே எழுந்து எதிர்த்துச்சு. 2025ல பிரேசில் பெலெம்ல, சூட்டுக்குத் தகுந்தபடி வாழ்றதுக்கான நிதியை 2035க்குள்ள மூணு மடங்காக்க முயற்சி எடுக்கச் சொல்லி முடிச்சாங்க, நிலக்கரி எண்ணெயை எப்படி விட்டு வெளிய வர்றதுங்கிற பாதை அந்தத் தீர்மானத்துல வரவே இல்ல. அந்தத் தகவமைப்பு நிதிங்கிறது கடைசியில யாருக்குப் போகணும்னு கேட்டா ஆத்தங்குடி ஷீட்டு வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுத் தளத்துக்கும்தான். இந்திய வீடுகள்ல ஏசி இருக்கிறது 8 சதவீதத்துலதான்னு 2019 செயல்திட்டத்துலயே இருக்கு, இப்ப கொஞ்சம் கூடியிருக்கும். தலைக்கு வருசம் ரெண்டு டன் கார்பன் விடுற நாம, 14 டன் விடுற அமெரிக்காக்காரனைப் பாத்து நீ மட்டும் ஏன்னு கேக்குறதுல தப்பே இல்ல. ஆனா நம்ம எஸ்எஸ்எல்சி புள்ளைக மார்ச்சு ஏப்ரல்ல படிக்கிற ரூம் குளுமையா இருக்கிறதுக்கு அந்த வாதம் ஒதவாது, அதுக்குக் கூரை வேணும்.

தாயி, அப்பத்தா ரூமுக்கு ஏசி வாங்கும்போது அஞ்சு நட்சத்திரம் இன்வெர்ட்டர், ஒரு டன் போதும், ஆர்-32 இல்லன்னா ஆர்-290. இந்த 290ங்கிறது புரொப்பேன், சமையல் கேஸ் ஜாதி, சூடாக்குற கேடு அதுல கிட்டத்தட்ட ஒண்ணுமே கிடையாது, ஆனா தீப்பிடிக்கிற வாயு, அதனால பயிற்சி எடுத்த கம்பெனி ஆளை விட்டுத்தான் மாட்டணும். வீட்டுக் கரண்டு ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டாம பாத்துக்குங்க, தாண்டுனா கட்டண வரிசையே மாறி பில்லு குதிச்சிரும்.


வளவுக்கட்டு:

படிச்சுக் காட்டுனேன், அப்பத்தா எனக்கு மட்டும் ஏசி எதுக்குன்னு கேக்குறாக, அதை நான் பேசிக்கிறேன். ரெண்டாங்கட்டு இடிக்கிறதை ஒரு வருசம் தள்ளிப் போடலாம்னு அப்பா பங்காளிகளுக்குச் சொல்லிட்டாக. மனு விசயத்துல என்னையும் சேத்துக்குங்க தம்பி, எங்க ஊர்லயும் கனவு இல்லம் வீடுக கட்டிக்கிட்டு இருக்காக, அவுககிட்டயும் கையெழுத்து வாங்கித் தர்றேன். கொத்தனார் அண்ணே, மாடித் தளத்துக்குத் தட்டோடா, வெள்ளைப் பூச்சா, எது மொதல்ல?


கொத்தனார் மகன்:

ஆச்சி, இந்த வருசத்துக்கு வெள்ளைப் பூச்சு. தை மாசம் மழை முழுசா விட்டதுக்கு அப்புறம் தளத்தை நல்லா கழுவி, பாசி சுரண்டி, வெடிப்பை அடைச்சுட்டு, சுண்ணாம்புல பசை கலந்து ரெண்டு கோட்டு அடிங்க, வருசா வருசம் அடிக்கணும். காசு இருந்தா கடையில விக்கிற கூல் ரூஃப் பெயிண்ட், சில வருசம் நிக்கும். உள்ள 2ல இருந்து 5 டிகிரி வரைக்கும் குறையும்னு சொல்றாக, அது தளத்தோட கனம், காத்தோட்டத்தைப் பொறுத்து மாறும். அடிச்சுட்டு விட்டுறாதீங்க, புழுதி படிஞ்சா வெள்ளை வேலை செய்யாது, பங்குனியில ஒருவாட்டி கழுவி விடணும்.

தட்டோடு அடுத்த வருசம். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய்த் தண்ணி வெல்லத் தண்ணி தெளிச்சு, கட்டையால நாள் கணக்கா அடிச்சு எறுக்கி, தண்ணி ஓட வாட்டம் வெச்சு அதுக்கு மேல ஓடு பதிக்கணும், அந்தப் பாரத்தை உங்க தொண்ணூறு காலத்துத் தளம் தாங்குமான்னு மொதல்ல பாக்கணும், கம்பி துருப்பிடிச்சு சிமெண்டு உதிர்ந்திருந்தா ஏத்தக் கூடாது. மேல சோலார் வைக்கிற யோசனை இருந்தா பேனல் கால் எங்க நிக்குதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிருங்க, ஓடு பதிச்சதுக்கு அப்புறம் ஓட்டை போட்டா ஒழுகும்.

முத்தத்து ஃபைபர் ஷீட்டை எடுக்க அம்மா ஒத்துக்கலன்னா எடுக்க வேணாம், ஒரு அடி ஒசரத் தூக்கி வெச்சு நாலு பக்கமும் காத்து போற மாதிரி விட்டுட்டு கம்பி வலை அடிச்சுருங்க. பட்டாலையும் நனையாது, சூடும் வெளிய போயிரும். எங்க ஆளு ஒருத்தர் இந்த வேலையை கோட்டையூர்ல ரெண்டு வீட்டுக்குச் செஞ்சிருக்காரு, மாசியில கொஞ்சம் ஓய்வா இருப்பாரு, தனிச் செய்தியில ஊரைச் சொல்லுங்க, வந்து அளவெடுத்துட்டுப் போகச் சொல்றேன்.